சொல்லாமலே போகிற பாவம்

அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். மில்லில் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. சுத்தபோசன நாள், இறைச்சி கிடையாது. அம்மா மொச்சைக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்துப் பதினோரு வயது.

தெருவில் நின்றபடியே அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒட்டிய கன்னம், பல நாள் தாடி.

"இஞ்ஞாசி அண்ணன் வூடு இதுதானே?"

"அவரு இல்ல. ரொட்டி போடப் போயிருக்காரு. நீங்க யாரு?" என்றாள் அம்மா.

"கோவிந்தசாமி. மில்லுல அண்ணன்கூட வேல செஞ்சவன்."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"நான் உங்க வேதத்துல சேரப் போறேன், அண்ணி. பெரிய சனிக்கிழம அன்னிக்கு ஞானஸ்நானம். அதுக்கு முன்ன அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மில்லுல நான் சொன்னது பொய்யி. அண்ணன் குடிக்கல."

அம்மா வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "அவர் வர்ற வரைக்கும் அங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

வெளியே நெருப்பாய்க் காய்ந்த வெயில். அவர் நிழலுக்கு ஒதுங்கவே இல்லை.

அப்பாவின் கை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். வேலை விட்டு வரும்போது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஒரு நாள், நிறுத்தியிருந்த மிஷினுக்குள் கையை விட்டு அவர் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மிஷினை ஓடவைக்கும் பெல்ட்டை மாட்டிவிடுகிற ஆள் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அன்று கேட்காமல் மாட்டிவிட்டார். அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

பெல்ட்டை மாட்டிய ஆள்தான் கோவிந்தசாமி.

மில்லின் பெரிய முசே, வெள்ளைக்கார மேலதிகாரி, விசாரித்தபோது கோவிந்தசாமி சொன்னது இது: இஞ்ஞாசி குடித்துவிட்டு வந்தார், கால் தடுமாறிக் கையை உள்ளே விட்டுவிட்டார். நம்புவது எளிதாக இருந்தது. எங்கள் ஊரில் சாராயக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவைக் கேட்க யாரும் வரவில்லை. கட்டுப் பிரிப்பதற்குள் வேலை போய்விட்டது.

அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. அவருடைய தகப்பனார் குடித்துக் குடும்பத்தைச் சீரழித்தவர் என்பதால் கல்யாண விருந்தில்கூடத் தொடமாட்டார். அது அம்மாவுக்குத் தெரியும். ஊர் என்னவோ மகனும் தகப்பனைப்போல என்றுதான் சொன்னது.

பிறகு ரொட்டிக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் சுட்ட நீளநீளமான ரொட்டிகளைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகப் போட்டுவிட்டு வருவார். இடது கையால்தான் எடுத்துக் கொடுப்பார். வலது கை துண்டுக்குள் மறைந்திருக்கும்.

பின்வரிசையில் ஒருவர்

விரல் போனதைவிடப் பெரிய காயம் ஒன்று அவருக்குக் கோவிலில் பட்டது.

கை ஆறிய பிறகு வந்த முதல் பாஸ்குக் காலத்தில், ஈஸ்டர் சமயத்தில், அப்பா பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். எங்கள் பங்குச் சாமியார் பிரான்சிலிருந்து வந்தவர். நெஞ்சு வரை தொங்கும் நரைத்த தாடி. புத்தகத்தில் இருப்பதுபோலத் தமிழ் பேசுவார். எங்கள் எல்லாருக்கும் அவர்மேல் பயம் கலந்த பிரியம். அன்று அப்பா மற்ற பாவங்களையெல்லாம் சொல்லி முடித்ததும் சாமியார், "குடியைப் பற்றி நீர் சொல்லவில்லையே" என்றாராம்.

"குடிக்கல சாமி."

"மறைக்கிற பாவத்துக்கு மன்னிப்பு இல்லை. மனம் வருந்தி மனஸ்தாபப்பட்டு மறுபடி வாரும்."

பாவமன்னிப்புக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார். இதெல்லாம் அப்பா அம்மாவிடம் சொன்னது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது சாமியார் வாயிலிருந்து யாருக்கும் வராது, அது விதி.

சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். "ஆமா, குடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடேன், இஞ்ஞாசி. மூணு மந்திரம் சொல்லுன்னு அபராதம் குடுப்பாரு. தீந்துபோச்சு."

"மன்னிப்பு வாங்கறதுக்கு அங்க போயிப் பொய் சொல்றதா?" என்றார் அப்பா.

வேறு கோவிலுக்குப் போய் வேறு சாமியாரிடம் சொல்லலாமே என்று அம்மா கெஞ்சினாள். அதற்கும் அவர் இணங்கவில்லை. "இந்தக் கோவில்லதான் எனக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினாங்க. இங்கதான் என்னை நம்பணும்."

பாவமன்னிப்பு இல்லாமல் நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்கக்கூடாது; அன்றிலிருந்து நாலு வருஷம் அப்பா வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் வருவார், ஆண்கள் பக்கத்தில் கடைசித் தூணோரம் நிற்பார். எல்லாரும் நன்மை வாங்கப் பீடத்தின் முன்னாலிருந்த கிராதியண்டை போகும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு முதன்முதலாகப் புது நன்மை கொடுத்த நாளில்கூட அப்படித்தான். வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாக நாங்கள் வரிசையில் போனோம். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார்கள் பின்னாலேயே வந்து முழங்காலிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் தலையிலிருந்த பூ வளையத்தை அவர்தான் இரண்டு விரல்களால் மெதுவாகக் கழற்றினார். முடி ஒன்றுகூட இழுபடவில்லை.

உன் பாவம், என் குடி

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

அப்பா வெறுங்கூடையோடு தெருமுனையில் திரும்பியபோதே கோவிந்தசாமியைப் பார்த்துவிட்டார். நடை தயங்கியது. பிறகு நேராக வந்து கூடையை இறக்கி வைத்தார்.

"உள்ள வா."

"இல்லண்ணே. இங்கியே நிக்கறேன்."

அவர் நின்றபடியே சொன்னார். அவருக்கு ஒரு பெண்குழந்தை இருந்ததாம். தொண்டையில் நோய் கண்டு, உழவர்கரையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார். பிழைக்காது என்று தெரிந்ததும் அங்கிருந்த கன்னியாஸ்திரீ அவரிடம் கேட்டுக்கொண்டு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் குழந்தை இறந்துவிட்டது.

"மோட்சத்துல இருக்குதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. பொண்ணு இருக்கற எடத்துக்கு நானும் போவணும்ணே. அதான் உபதேசியாருகிட்ட மந்திரம் படிக்கறேன். பொறக்கும்போதே வர்ற சென்மப் பாவம், நாம செஞ்ச கர்மப் பாவம், எல்லாம் ஞானஸ்நானத்துல போயிடும்ன்னாரு. எல்லாமுமான்னு கேட்டேன். எல்லாமும்ன்னாரு. யாருகிட்டயாவது சொல்லணுமான்னு கேட்டேன். முன்ன செஞ்சத சாமியாருகிட்டகூடச் சொல்ல வேணாம், சொல்லாமலே போயிடும்ன்னாரு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதக் கேட்டதுலேந்து சோறு எறங்கல. சொல்லாமலே எப்படிண்ணே போவும்?"

அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

"பெல்ட்ட மாட்டினது கைத்தவறு. அது எனக்கு அன்னிக்கே தெரியும். குடிச்சேன்னு ஏன் சொன்ன?"

"பயம். கல்யாணமாயி ஆறு மாசம். வேல போயிடும்ன்னு."

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா வெளியே வந்தாள். "உனக்கு வேல இருந்துச்சு. இவருக்கு இன்னா இருந்துச்சு? நாலு வருஷமா கோவில்ல திருடனாட்டம் நிக்கறாரு. இப்ப ஒரு சொம்புத் தண்ணியில நீ சுத்தமாயிடுவ. இவரு விரலு மொளைக்குமா?"

கோவிந்தசாமி தலை நிமிரவில்லை.

அப்பா பேசியபோது குரல் உயரவில்லை. அந்த வார்த்தைகள் எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

"உபதேசியாரு சொன்னது சரிதான். தண்ணி ஊத்தினா உன் பாவம் போயிடும். ஊரு சொல்ற என் குடி போவாது. வா, சாமியாரண்ட போவலாம்."

சாப்பிடக்கூட இல்லை. அம்மா என்னையும் கூட அனுப்பினாள். அப்பா கோபத்தில் ஏதும் செய்துவிடக்கூடாது என்று பயந்திருப்பாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சாமியார் கேட்டது

சாமியார் வீட்டுக் கூடத்தில் மூக்குப்பொடி வாசனையும் பழைய புத்தக வாசனையும் கலந்து அடிக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதலில் கோவிந்தசாமியைப் பார்த்துப் பேசினார்.

"ஞானஸ்நானம் பெறாதவன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. அது மெய்தான். ஆனால் மனஸ்தாபம் இல்லாத வயது வந்தவனுடைய தலையில் ஊற்றுகிற தண்ணீர் அவன் பாவத்தைப் போக்காது. நீ மனஸ்தாபப்படுகிறாயா?"

"படறேன் சாமி."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

கோவிந்தசாமி யோசித்தார். "மில்லு ஆளுங்க எல்லார் எதிர்லயும் சொல்லணும்ன்னு தோணுது சாமி. சொன்னா வேல போயிடும். தெரிஞ்சும் சொல்லணும்ன்னுதான் தோணுது."

சாமியார் தலையை ஆட்டினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். மேசைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி வைத்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்ன சாமிகிட்ட நான் சொன்னது..." என்று அப்பாதான் ஆரம்பித்தார்.

"அதைப் பற்றி நான் பேசலாகாது. நீர் பேசலாம்."

"எனக்கும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல சாமி. நான் பொய் சொல்லல. அவ்வளவுதான்."

சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். முட்டி வலி உள்ளவர், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றார்.

"ஊர் சொன்னதை நானும் நம்பினேன், இஞ்ஞாசி. உம்முடைய வார்த்தையை நம்பவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

அப்பா பதறிப்போனார். "நீங்க போயி என்கிட்ட கேக்கலாமா சாமி?"

"உம்மிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?"

அப்பா சட்டென்று முழங்காலில் விழுந்தார். சாமியார் அவர் தலைமேல் கையை வைத்தார். தாடி நனைந்திருந்தது. வெள்ளைக்காரர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

குருத்து ஞாயிறு

பாஸ்குக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் மந்திரித்த ஓலையோடு வெளியே வந்தபோது கோவிந்தசாமி கோவில் படியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பங்கில் பாதிப்பேர் மில் வேலைக்காரர்கள். தலைகளின் நடுவில் மில்லின் மேஸ்திரியும் இருந்தார்.

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் கோவிந்தசாமி. இஞ்ஞாசி அண்ணன் கைய எடுத்தது நான்தான். கேக்காம பெல்ட்ட மாட்டிட்டேன். அவரு குடிச்சாருன்னு சொன்னது பொய்யி. அவரு குடிக்கல."

காற்றில் ஓலைகள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவோடு ஒரே மிஷினில் வேலை செய்த ஒருவர், நாலு வருஷமாக எங்கள் தெரு வழியே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், மெல்ல வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். அதன் பிறகு இன்னும் இரண்டு பேர்.

வாரம் பிறந்ததும் கோவிந்தசாமியை மில்லிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அதே வாரம் அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். "தப்பே செய்யாத ஆளு, அவ்வளவு நேரம் இன்னா சொன்ன?" என்று கேட்டாள் அம்மா.

"அத ஏன் கேக்கற. நாலு வருஷமா சாமியாரு மேல, ஊரு மேல, சர்வேசுரன் மேல வச்சிருந்த கோவமும் வைராக்கியமும் அவ்வளவு இருந்துச்சு" என்றார் அப்பா.

பெரிய வியாழக்கிழமை காலைப் பூசையில் அவர் தூணை விட்டு நகர்ந்து கிராதியை நோக்கி நடந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எக்கிப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானத்தகப்பன்

அந்தக் காலத்தில் பாஸ்குத் திருவிழிப்புச் சடங்கெல்லாம் பெரிய சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். புது நெருப்பு மூட்டி, தீர்த்தம் மந்திரித்து, அந்தத் தீர்த்தத்திலேயே ஞானஸ்நானம் கொடுப்பார்கள்.

கோவிந்தசாமிக்கு ஞானத்தகப்பனாக நிற்க உபதேசியார்தான் ஏற்பாடாகியிருந்தார். வியாழக்கிழமை பூசை முடிந்ததும் கோவிந்தசாமி அப்பாவிடம் வந்தார்.

"நீங்க நிப்பீங்களாண்ணே?"

அப்பா மறுநாள் சாயங்காலம் என்னை அழைத்துக்கொண்டு உழவர்கரைக்கு நடந்தே போய், "நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞானத்தகப்பன் தன் வலது கையை ஞானஸ்நானம் பெறுகிறவரின் தோள்மேல் வைக்க வேண்டும். அப்பா துண்டை எடுத்துவிட்டு அந்தக் கையை வைத்தார். நாலு வருஷத்தில் கோவிலுக்குள் அவர் அந்தக் கையை வெளியே எடுத்தது அன்றுதான். சாமியார் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கோவிந்தசாமியின் பின்கழுத்தில் வழிந்து அப்பாவின் இரண்டு விரல்களையும் நனைத்துக்கொண்டு இறங்கியது. சூசை என்று பேர் வைத்தார்கள்.

வீட்டில் வேலை இருக்கிறது, வரமாட்டேன் என்று சொல்லியிருந்த அம்மா எப்படியோ வந்து வாசல் பக்கம் நின்றிருந்தாள். சடங்கு முடிந்ததும் சூசை நேராக அவளிடம் போனார். தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி."

"அவரு மன்னிச்சிட்டாரு. சாமியும் மன்னிச்சிருக்கும்" என்றாள் அம்மா. "எனக்கு இன்னும் வரல. வாயால சொன்னா பொய்யாயிடும்."

"வரும்போது சொல்லுங்க அண்ணி. நான் இருக்கறேன்."

மூன்று பாஸ்கு

ரொட்டிக்கடை அடுப்படியில் அப்பாவே சூசைக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அடுப்பு வெக்கையில் அவர் கறுத்து இளைத்துப் போனார். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வருவார், வாசலோடு நின்று வேலையைச் செய்துவிட்டுப் போவார். பெரிய சனிக்கிழமை மட்டும் கோவிலிலிருந்து நேராக வந்து அம்மாவுக்குத் தோத்திரம் சொல்வார். அம்மா, "இன்னும் இல்ல" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். உள்ளதைச் சொல்வதுபோல இருக்கும். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அம்மாவுக்கு இது பெரிய உறுத்தல். மன்னிக்க முடியவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு தடவையும் சொல்வாளாம். பின்னாளில் என்னிடம் சொன்னாள். "என்னையும் சாமியாரு அனுப்பிடப் போறாருன்னு பயந்துகிட்டே போவேன். மன்னிக்க மனசு வரணும்ன்னு ஆசையாவது இருக்கிறதா அம்மான்னு கேட்டாரு. இருக்கு சாமின்னேன். அது போதும், போன்னு பாவமன்னிப்பு குடுத்துட்டாரு. தெனம் சூசைக்காக மாதாகிட்ட ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லணும்ன்னு அபராதம்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாளாம். வெகுநாள் கழித்துத்தான் பல்லைக் கடிக்காமல் சொல்ல வந்ததாம்.

மூன்றாவது வருஷம் பெரிய சனிக்கிழமை சூசை வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தாள். அப்பா வந்து, சூசைக்குக் கடுமையான காய்ச்சல், நாலு நாளாகப் படுத்திருக்கிறார் என்றார். அம்மா கஞ்சி வைத்துத் தூக்கில் ஊற்றினாள்.

"வாடி லூர்து."

உழவர்கரை வரை புழுதியில் நடந்தோம். சூசை பாயில் கிடந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் பெண்சாதி தாங்கிப் பிடித்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள்.

"மொதல்ல இதக் குடி."

இரண்டு வாய் குடித்தார். அம்மா சொன்னாள்: "வந்துடுச்சு, சூச. எப்ப வந்துச்சுன்னு தெரியல. காலையில நீ வரலன்னதும்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அம்மா தூக்கை எடுத்து நீட்டி, "ஆறிடப் போவுது, குடி" என்றாள். சூசை பிழைத்து எழுந்தார். என் கல்யாணத்துக்கு ரொட்டி முழுவதும் சுட்டது அவர்தான்.

அன்று திரும்பி வரும் வழியில் நான் அம்மாவைக் கேட்டேன். "அவருக்கு ஒரு சொம்புத் தண்ணியில எல்லாம் போச்சு. உனக்கு மட்டும் மூணு வருஷம் ஏம்மா?"

அம்மா தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

"எனக்கு ஊத்தினதும் அதே தண்ணிதாண்டி. பொறந்த எட்டாம் நாளு ஊத்தினாங்களாம். இன்னிக்குத்தான் நனைஞ்சுது."

சொல்லிவிட்டு, காலித் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, வேகமாக முன்னே நடந்தாள்.